மேல் பங்களாவின் வருஷச் செலவு

மேல் பங்களா, பிரிஞ்சாங்
7 பிப்ரவரி 1943

சேசு மரி சூசை துணை.

தம்பி கிரகரி,

நீயும் நானும் பேசிப் பதினான்கு மாதம் ஆகிறது. துரையும் துரைசானியும் சிங்கப்பூருக்கு ஓடிய அன்று நீ தாப்பாவிலிருந்து ஏறி வந்து, "இந்த ஊட்டக் கட்டிக்கிட்டு சாவப் போறியா? கெளம்புக்கா" என்று வாசலில் நின்று கத்தினாய். நான் வரவில்லை. அந்தக் கோபம் உனக்கு இன்னும் இருக்கும். இருந்தாலும் இதைப் படி. எனக்கு வேறு ஆள் இல்லை.

பங்களா இப்போது ஜப்பான் ஆபீசர்கள் வந்து தங்கும் இடம். மொரித்தா என்ற ஒருவரைப் பொறுப்புக்குப் போட்டிருக்கிறார்கள். பட்டாளத்து ஆள் இல்லை. அவர் ஊரில் பூச்செடி விற்றவராம். நேற்று அவர் என்னைக் கூப்பிட்டு, ஏப்ரல் தொடங்கி ஒரு வருஷத்துக்கு இந்த வீட்டை வைத்துக்கொள்ள என்ன செலவாகும் என்று எழுதித் தரச் சொன்னார். அதை ஈப்போவில் இருக்கும் அவர்களுடைய பெரிய ஆபீசுக்கு அனுப்ப வேண்டுமாம். பத்து நாள்தான் தவணை.

துரை இருந்தபோதும் வீட்டு மேற்பார்வைதான் என்னுடையது. செலவு எனக்குத் தெரியாது, வேலைதான் தெரியும். நான்கு கணப்புக்கும் விறகு. மழைக்கு முன் கூரையில் பலகை மாற்ற வேண்டும். வெள்ளைச் சுவருக்குச் சுண்ணாம்பு, கறுப்புச் சட்டங்களுக்குத் தார். ஓடையிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயை வாரம் ஒருமுறை இலை அடைக்காமல் பார்க்க வேண்டும். பியானோவுக்குக்கூட ஈரம் ஏறாமல் அருகில் கரி அடுப்பு வைக்க வேண்டும். இதையெல்லாம் எப்படி எண்ணாக்குவது?

ரிங்லெட் பக்கம் ஒரு பங்களாவில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியின் கணக்கில் விறகு குறைந்தது என்று, தலைக்கு மேல் கல்லைத் தூக்கிக்கொண்டு மழையில் நிற்க வைத்தார்களாம். பிறகு விழுந்த அறையில் அவருக்கு ஒரு காது போய்விட்டது. எனக்குக் கணக்கு எழுதிப் பழக்கமில்லை, கிரகரி. நீ ஜப்பான்காரர் ஆபீசில் இருப்பவன். எழுதித் தா.

தபாலில் வேண்டாம். காய்கறி லாரி ஓட்டும் சிங்காரத்திடம் கொடு. அவன் திரிங்காப்பிலிருந்து தாப்பாவுக்கு வாரம் ஒரு நடை வருகிறான்.

பிலோமி

*

தாப்பா
14 பிப்ரவரி 1943

அக்கா,

கோபம் இருந்தது உண்மை. உன் கையெழுத்தைப் பார்த்ததும் ரோஸ்மேரி அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு நான் என்ன கோபப்படுவது?

எஸ்டிமேட் இதோடு வருகிறது. நீ பார்த்து எழுதிக்கொள். கூரை, சுண்ணாம்பு, விறகு எல்லாம் மாதவாரியாகப் பிரித்திருக்கிறேன். மழை மாதங்களில் விறகைக் கூட்டியிருக்கிறேன். கடைசிப் பக்கம் ஆட்கள். அதை நிதானமாகப் படி.

நீங்கள் ஐந்து பேர் இருக்கிறீர்கள். நான் பதினொன்று போட்டிருக்கிறேன்.

பயப்படாதே. ஈப்போவில் எதைக் கேட்டாலும் பாதியாக வெட்டுகிறார்கள். ஐந்து என்று எழுதினால் இரண்டு பேருக்குத்தான் அரிசி வரும். பதினொன்று என்றால் ஐந்து, ஆறு நிற்கும். எல்லாப் பங்களாவிலும் இப்படித்தான் நடக்கிறது. எஸ்டிமேட்டுகளை வரிசைப்படுத்தி அனுப்புவது என் மேசைதான். எனக்குத் தெரியும். இல்லாத ஆறு பேருக்கும் நானே பெயர் வைத்துவிட்டேன். வேலப்பன், ராமசாமி என்று தொடங்கும் அந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள். ஆறு பேருமே தோட்டக்காரர்கள். ஏன் இத்தனை பேர் என்று கேட்டால், புல்வெளி பெரிது, ரோஜாப் பாத்தி பெரிது என்று சொல்.

எங்கள் டொனால்டுக்குப் பதினேழு ஆகப்போகிறது. என் உயரத்துக்கு வந்துவிட்டான். பெரியத்தையை விசாரித்ததாக எழுதச் சொன்னான்.

கிரகரி

*

மேல் பங்களா
11 ஏப்ரல் 1943

கிரகரி,

வெட்டவில்லை. ஒரு சல்லிகூட வெட்டவில்லை. பதினொரு பேரையும் அப்படியே ஒத்துக்கொண்டு, பதினொரு பேருக்கும் அரிசி அனுப்பிவிட்டார்கள். ஆளுக்குப் பத்து காத்தி எடை. மூட்டைகள் சமையல்கட்டில் வந்து இறங்கிவிட்டன.

ஆறு பேர் அரிசியை வைத்துக்கொள்ளவும் பயம், திருப்பிக் கொடுக்கவும் பயம். கீழே தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் மூன்று மாதமாக மரவள்ளிக்கிழங்குதான். தேயிலை வெட்டுவார் இல்லாமல் மரமாக வளர்ந்து கிடக்கிறது. பிள்ளைகளுக்குக் கால் வீங்குகிறது. தோட்டக்காரச் செல்லையா அண்ணனை வைத்து லயத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தனுப்பினேன். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்றேன். எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

மொரித்தா தினமும் காலையில் ரோஜாப் பாத்தியைச் சுற்றி நடக்கிறார். நேற்று நின்று, மற்றத் தோட்டக்காரர்கள் எங்கே என்று மலாயில் கேட்டார். விறகு வெட்டக் காட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்றேன். ஆறு பேருமா என்றார். ஆமாம் என்றேன். குனிந்து பாத்தியில் ஒரு களையைப் பிடுங்கினார். பிறகு போய்விட்டார்.

இன்றைக்குச் சொல்கிறார், மே முதல் வாரம் ஈப்போவிலிருந்து ஆபீசர் வந்து ஆட்களை எண்ணுவாராம். எஸ்டிமேட்டில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் கூப்பிடுவாராம். நீ வைத்த பெயர்களுக்கு நான் எங்கே போய் உடம்பு தேடுவேன்? உண்மையைச் சொல்லிவிடட்டுமா?

பிலோமி

*

தாப்பா
18 ஏப்ரல் 1943

அக்கா,

உண்மையைச் சொல்லாதே. என்ன ஆனாலும் சொல்லாதே. எஸ்டிமேட் என் மேசை வழியாகப் போனது. உன்னோடு நானும் போவேன், ரோஸ்மேரியும் பிள்ளையும் தெருவில் நிற்பார்கள்.

லயத்திலிருந்து ஆறு ஆண்களை ஒரு நாளைக்குக் கூப்பிடு. அரிசி தின்ற வீட்டு ஆட்களாக இருக்கட்டும். ஆளுக்கு ஒரு பெயர் சொல்லிக் கொடு. எண்ணிவிட்டுப் போய்விடுவார்கள்.

நீ ஒருத்திதான் பயப்படுகிறாய் என்று நினைத்துக்கொள்ளாதே.

கிரகரி

*

மேல் பங்களா
9 மே 1943

சேசு மரி சூசை துணை.

கிரகரி,

உயிரோடு இருக்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆறு பேர் வந்தார்கள். அதில் தங்கராஜு என்று ஒரு இளவட்டம், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்காரன். போன வருஷம்தான் கல்யாணம். பெண்டாட்டி சீதா முழுகாமல் இருக்கிறாள். அவனுக்கு வேலப்பன் என்ற பெயர். முந்தின நாள் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழக்கினேன்.

ஈப்போ ஆபீசர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மொழிபெயர்ப்பவன் பெயர்களைக் கூப்பிட்டான். "வேலப்பன்!" சத்தம் இல்லை. மறுபடியும், "வேலப்பன்!" தங்கராஜு மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். செல்லையா அண்ணன் அவன் பிடரியில் ஒன்று வைத்தார்.

"டேய் வேலப்பா, காது அடைச்சிருச்சா? பேரக் கூப்புடுறாங்கல்ல!"

"நான்தான், நான்தான் சார். குளுருல காது கேக்கல."

ஆபீசருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எழுந்து வந்து தங்கராஜுவின் கையைத் திருப்பிப் பார்த்தார். செல்லையா அண்ணனிடமிருந்த கத்தியை வாங்கி அவனிடம் கொடுத்து, ரோஜாச் செடியை வெட்டிக் காட்டு என்றார். அவனுக்குத் தெரிந்தது தேயிலைதானே. இரண்டே நிமிஷத்தில் துரைசானியின் பெரிய ரோஜாச் செடியை இடுப்பளவில் மேசை மாதிரித் தட்டையாக வெட்டி வைத்துவிட்டான்.

எல்லாரும் மொரித்தாவைப் பார்த்தோம். அவர் முகம் சுண்ணாம்பாய் இருந்தது. அவர் பூச்செடிக்காரர். இவன் தோட்டக்காரன் இல்லை என்று அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எஸ்டிமேட்டில் அவர் முத்திரையும் இருக்கிறதே. ஆபீசரிடம் ஜப்பானில் ஏதோ சொன்னார். ஆபீசர் சிரித்தார். இந்த மலையில் இப்படித்தான் வெட்டுவது வழக்கம் என்று மொரித்தா சொன்னாராம்.

பதினொரு பேருக்கும் சிவப்பு முத்திரை வைத்த சீட்டு கொடுத்தார்கள். "இந்த ஆள் ராணுவப் பங்களா வேலையாள்" என்று அதில் இருக்கிறதாம். கார் போன பிறகு மொரித்தா அந்த ரோஜாவின் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். வெட்டிய கிளைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார். அடித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

பிலோமி

*

தாப்பா
20 ஜூன் 1943

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். என்னை வேறு மேசைக்கு மாற்றிவிட்டார்கள். சயாமில் ரயில் ரோடு போட ஆள் அனுப்பும் பட்டியல் எழுதுகிறேன். மூன்று மாதம் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லித்தான் அனுப்புகிறோம். மார்ச்சில் போனவர்களில் ஒருவன்கூடத் திரும்பவில்லை. தாப்பா ரோடு ஸ்டேஷனில் ஜனங்கள் அதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை உனக்கு எழுத மாட்டேன்.

இதுவரை கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டங்கள். அடுத்தது மலை. உன் லயமும் பட்டியலில் இருக்கிறது. சிவப்பு முத்திரைச் சீட்டு வைத்திருப்பவனைத் தொடக்கூடாது என்று உத்தரவு. அந்த ஆறு பேரிடமும் சீட்டைத் திரும்ப வாங்கினாயா? வாங்கியிருந்தால் உடனே கொடுத்துவிடு.

கிரகரி

*

மேல் பங்களா
4 ஜூலை 1943

கிரகரி,

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் லாரிகள் வந்தன. விடிந்தும் விடியாத பனி. காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டுக்கு மணி அடித்தது. வேலைக்கு என்று நினைத்து ஆண்கள் வரிசையில் வந்து நின்றிருக்கிறார்கள். இருபத்து மூன்று பேரை ஏற்றிவிட்டார்கள். வேட்டி மாற்றக்கூட விடவில்லை. பெண்கள் லாரிக்குப் பின்னால் பிரிஞ்சாங் வளைவு வரை ஓடினார்கள். மேலே என் ஜன்னலில் எல்லாம் கேட்டது.

ஆறு பேர் மட்டும் சீட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். அவர்களை விட்டுவிட்டார்கள். இப்போது ஆறு பேரும் இங்கேதான், வண்டிக் கொட்டகையில் படுக்கிறார்கள். மெய்யாகவே தோட்டக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், படியெல்லாம் பெண்கள். வேலாயி என்றொருத்தி, புருஷனைக் கொண்டுபோய்விட்டார்கள், தம்பி ஒருவன் மிச்சம். என் காலைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு பேரு எழுதும்மா. பேருதானே? எழுதுனா என்னா கொறஞ்சுரும்?" என்கிறாள்.

பேருதானே என்கிறாள், கிரகரி. அந்தப் பக்கத்தை நீ எழுதும்போது நாமும் அப்படித்தானே நினைத்தோம். நான் கதவைச் சாத்திவிட்டேன். சாத்திவிட்டு உள்ளே நின்று காதைப் பொத்திக்கொண்டேன்.

பிலோமி

*

தாப்பா
8 ஆகஸ்ட் 1943

அக்கா,

இதை நான்கு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

டவுனிலும் பட்டியல் தொடங்கிவிட்டது. பதினாறு வயதுக்கு மேல் ஆண் உள்ள வீட்டில் ஒருவர் போக வேண்டும். ஆபீஸ் வேலை என்பதால் என்னை எடுக்க மாட்டார்கள். மிச்சம் டொனால்ட். அவன் பெயர் செப்டம்பர் பட்டியலில் வருகிறது. என் கையாலேயே எழுத வேண்டும்.

உன்னிடம் ஆறு சீட்டு இருக்கிறது. அதில் ஒன்று கொடு. அந்தத் தங்கராஜு உனக்கு உறவா? உன் வாயால் பெயர் சொல்லிக் கொடுத்த ஆள், அவ்வளவுதானே. ரோஜாவை வெட்டத் தெரியாதவன் என்று மொரித்தாவிடம் சொல்லி அவனை மாற்று. வேலப்பன் என்ற பெயருக்கு டொனால்ட் வந்து நிற்பான்.

அவன் சயாம் போய்ப் பிழைக்க மாட்டான், அக்கா. மழையில் நனைந்தாலே நெஞ்சு இழுக்கும். உனக்குத் தெரியும்.

கிரகரி

*

மேல் பங்களா
15 ஆகஸ்ட் 1943
மாதா திருநாள்

கிரகரி,

இன்று தனியாக ஜெபமாலை சொன்னேன். பாதியில் எந்த மணியில் இருக்கிறேன் என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

டொனால்ட் பிறந்தபோது அவனை முதலில் துணியில் வாங்கியவள் நான். இதை நீ எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சீதாவுக்கு இது எட்டாம் மாதம். வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு தினமும் மேட்டில் ஏறி வருகிறாள், புருஷன் இருக்கிறானா என்று பார்க்க. என்னைக் கண்டால் நின்று கும்பிடுகிறாள். அவளிடம் போய், உன் புருஷன் சீட்டைக் கொடு, என் தம்பி மகனுக்கு வேண்டும் என்று எப்படிச் சொல்வேன்? நீ வந்து சொல். உன்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமானால் வந்து சொல்.

நேற்று மொரித்தாவிடம் பன்னிரண்டாவது ஆள் எழுதலாமா என்று கேட்டேன். வாசலில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "இனி ஒரு பெயர் கூடினால் மறுபடியும் எண்ண வருவார்கள். அப்போது உனக்கும் எனக்கும் தலை இருக்காது."

டொனால்டை வேறு எங்காவது அனுப்பு. மலைக்கு மேலே சீனர் காய்கறித் தோட்டம் எதிலாவது விடலாமா என்று சிங்காரத்தைக் கேள். சீட்டை நான் எடுக்க மாட்டேன்.

பிலோமி

*

தாப்பா
5 செப்டம்பர் 1943

அக்கா,

அடுத்த வாரம் உங்களுக்கு ஓர் உத்தரவு தபாலில் வரும். வேறு யாராவது சொல்லி நீ அறிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். எழுதியது நான்தான்.

எங்கள் டிஸ்ட்ரிக்ட்டுக்குப் பங்களா ஆட்கள் இத்தனை என்று ஈப்போவில் முடிவு கட்டிவிட்டார்கள். கூட்ட முடியாது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றலாம். என் பழைய மேசையில் இப்போது இருப்பவனுக்கு என் கைக்கடிகாரத்தைக் கொடுத்தேன். மேல் பங்களாவின் செலவு அதிகம், ஒருவரைக் குறைத்துத் தாப்பா ரெஸ்ட் ஹவுசுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். ஆபீஸ் பெரியவர் படிக்காமலே முத்திரை போட்டார். இனி உங்களுக்குப் பத்துப் பேர். ரெஸ்ட் ஹவுசில் டொனால்ட் நேற்றே புல்வெட்டச் சேர்ந்துவிட்டான். சீட்டும் கிடைத்துவிட்டது.

சிங்காரத்தைக் கேட்டேன். சீனத் தோட்டங்களிலும் ஆள் பிடிக்கிறார்களாம். வேறு வழி இருந்தால் செய்திருக்க மாட்டேன்.

யாரைக் குறைப்பது என்று நான் எழுதவில்லை. அது உங்கள் பங்களா முடிவு.

நீ என்ன வேண்டுமானாலும் சொல். ஆனால் பதில் எழுது.

கிரகரி

*

தாப்பா
10 அக்டோபர் 1943

அக்கா,

ஐந்து வாரமாகச் சிங்காரம் வெறுங்கையோடு வருகிறான். கேட்டால், "அம்மா பங்களாவுல இல்லீங்க" என்கிறான். வேறு எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறான். ஒன்றும் சொல்லாதே என்று நீதான் சொன்னாயா? உயிரோடு இருக்கிறாயா என்று மட்டும் சொல். ரோஸ்மேரி சாப்பிடுவதில்லை.

கிரகரி

*

கீழ் லயம்
14 நவம்பர் 1943

சேசு மரி சூசை துணை.

கிரகரி,

இருக்கிறேன்.

உத்தரவு வந்த அன்று மொரித்தா என்னைக் கூப்பிட்டுத் தாளை மேசையில் வைத்தார். "பத்து. எந்தப் பெயரை அடிக்கட்டும்?" என்றார். பேனாவைக் கையில் பிடித்திருந்தார். வெளியே செல்லையா அண்ணனும் தங்கராஜுவும் கூரைக்குப் பலகை ஏற்றிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

நான் வேலைக்காரியாக நின்று கணக்கு பேசினேன். உன் எஸ்டிமேட்டின் கடைசிப் பக்கம் எனக்கு மனப்பாடம். "செலவு கொறையணும்னா தோட்டக்காரன அடிச்சு என்னாங்க லாபம்? தோட்டக்காரனுக்கு எட்டு வெள்ளி. வீட்டு மேற்பார்வைக்காரிக்குப் பதினஞ்சு வெள்ளி. அவள அடிங்க" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. என் நெஞ்சைத் தொட்டுக் காட்டி மறுபடியும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீ எங்கே போவாய்?" என்று கேட்டார். கீழே என்றேன். பேனாவை மறுபடி எடுத்து என் பெயர் மேல் கோடு போட்டார். கோடு நேராக வரவில்லை.

என்னைத் தைரியசாலி என்று நினைக்காதே. பேனா அவர் கையில் இருக்கும்போது, சீதா வாளியோடு ஏறி வருவது ஜன்னலில் தெரிந்தது. இனி தினமும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று பயந்துவிட்டேன். அந்தப் பயம் பெரிதாக இருந்தது, வேறொன்றுமில்லை.

இப்போது இரண்டாம் லயத்தில் கடைசி அறை. வேலாயியும் நானும். அரிசி கிடையாது. மேல் பங்களாவிலிருந்து எப்போதாவது செல்லையா அண்ணன் ஒரு துணியில் கொஞ்சம் கட்டிக் கொண்டுவருவார். தேயிலையைப் பிடுங்கிய மேட்டில் மரவள்ளி நட்டிருக்கிறோம். மண்வெட்டி பிடித்துக் கை கிழிந்து ஆறிவிட்டது. பெண்களையும் சயாமுக்கு எடுக்கிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. லாரி சத்தம் கேட்டால் எல்லாரும் தேயிலைக்குள் ஓடிப் படுத்துக்கொள்கிறோம். போன வாரம் அப்படிப் படுத்திருந்தபோது வந்தது சிங்காரத்தின் முட்டைக்கோஸ் லாரி. சிரிக்கக்கூட யாருக்கும் வரவில்லை.

சீதாவுக்குப் பெண் பிறந்திருக்கிறது. சின்ன உருவம், ஆனால் அழுகிற குரல் லயம் முழுக்கக் கேட்கிறது. தங்கராஜு இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனான்.

சிங்காரத்தை நான்தான் பேச வேண்டாம் என்றேன். இத்தனை வாரமும் உனக்கு மனதுக்குள் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். எழுதியது ஒன்றும் நல்லதாக இல்லை. நீ மகனைக் காப்பாற்றினாய். நான் தாயாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால், யாரை அடிப்பது என்பதை எங்கள் முடிவு என்று எழுதிக் கையைக் கழுவினாயே, அதை என்னால் விழுங்க முடியவில்லை.

நடந்ததை டொனால்டுக்குச் சொல். ஒளிக்காதே. கிறிஸ்மஸுக்கு லீவு கொடுத்தால் சிங்காரத்தின் லாரியில் அவனை ஏற்றிவிடு. சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல், ரிங்லெட்டில் சோதனை இருக்கிறது. ரோஸ்மேரி கம்பளிச் சட்டை கொடுத்தனுப்பட்டும். இங்கே இப்போது குளிர் அதிகம்.

நீ வர வேண்டாம். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்.

பிலோமி